வெள்ளி டொலரின் பொலிவும் நிறமும்: தரநிர்ணயம் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

நாணயங்களை வரலாற்று மூலங்களாகக் கொள்ளும் மரபு நமது ஆய்வுலகிற்குப் புதியதன்று. காசில் இடம்பெறும் மன்னன் பெயர், இலச்சினை, எழுத்தமைதி, எடை, உலோகக் கலப்பு ஆகியவற்றைக் கொண்டு ஆட்சிக் காலங்களையும் வணிகத் தொடர்புகளையும் நிறுவ முயன்ற அறிஞர் பலர். எச். டபிள்யூ. கொட்றிங்டன் 1924இல் வெளியிட்ட இலங்கை நாணயங்கள் பற்றிய நூல் இம்மரபில் வந்த பெருமுயற்சியாகும். ஆயினும், காசில் எழுதப்பட்டதைப் படித்த அளவுக்குக் காசின் மேற்பரப்பை நாம் படித்தோமல்லோம். அப்பரப்பில் அச்சு விட்டுச்சென்ற சுவடும், கைகள் விட்டுச்சென்ற தேய்வும், காலம் விட்டுச்சென்ற நிறமும் ஒன்றன்மேலொன்றாகப் படிந்துள்ளன. அவற்றைப் பிரித்தறியும் முயற்சியே தரநிர்ணயம் எனப்படுவது.

இக்கட்டுரையில் நாம் எடுத்துக்கொள்வது, ஐக்கிய அமெரிக்காவில் 1878 தொடக்கம் 1904 வரையும் மீண்டும் 1921இலும் அச்சிடப்பட்டு, வடிவமைத்தவரின் பெயரால் மோர்கன் டொலர் என வழங்கும் வெள்ளிக் காசாகும். இதனைத் தெரிந்துகொண்டமைக்குக் காரணங்கள் இரண்டு. இக்காசுகள் எங்கே, எவ்வாறு, எத்துணைக் காலம் அடைபட்டுக் கிடந்தன என்பது பெருமளவு அறியப்பட்டுள்ளது என்பது ஒன்று. இக்காசைப் போல மேற்பரப்பு நுணுகி ஆராயப்பட்டு எண்ணால் அளவிடப்பட்ட காசுகள் மிகச் சிலவே என்பது மற்றொன்று.

இதனைச் சேகரிப்போரிடையே நெடுங்காலமாக ஒரு வழக்குண்டு. அச்சிலிருந்து விழுந்த நாளின் வெண்பொலிவு குன்றாத காசு சிறந்ததா, காலத்தாற் பொன்னிறமும் நீலமும் செம்மையும் ஏறிய காசு சிறந்ததா என்பதே அவ்வழக்கு. மேலோட்டமாக நோக்குவார்க்கு இது தனிமனிதர் சுவைபற்றிய பூசலாகத் தோன்றும். பழம்பொருளொன்றின் பழைமை அதன் தோற்ற நாளில் உறைகின்றதா, அது கடந்துவந்த காலத்தில் உறைகின்றதா என்ற வினா இதனுள் அடங்கியிருத்தலே இதனை வரலாற்று மாணவர் கருத்திற்கொள்ளவேண்டிய ஒன்றாக்குகின்றது.

வெள்ளி டொலரின் பிறப்பும் அதன் அரசியலும்

ஐக்கிய அமெரிக்காவின் நாணயச் சட்டம் 1792இல் இயற்றப்பட்டது. அக்காலத்தில் உலகெங்கும் செலாவணியாக இருந்த ஸ்பானிய வெள்ளிக் காசை அளவாகக் கொண்டு, 371.25 கிறெயின் தூய வெள்ளி அடங்கியதாக டொலர் வரையறுக்கப்பட்டது. முதல் வெள்ளி டொலர்கள் 1794இல் வெளிவந்தன. 1837இல் பத்துக்கு ஒன்பது பங்கு தூய்மையும் 412.5 கிறெயின், அதாவது 26.73 கிராம் எடையும் நிலைநிறுத்தப்பட்டன. மோர்கன் டொலரும் அதே அளவினது. அதன் விட்டம் 38.1 மில்லிமீற்றர்.

1859இல் நெவாடாப் பகுதியில் கொம்ஸ்ரொக் வெள்ளிப் படிவு வெளிப்பட்டதன் பின்னர் சுரங்கங்களிலிருந்து வெள்ளி பெருகி வந்தது. அதே காலப்பகுதியில் ஜெர்மனி முதலிய நாடுகள் பொன்னளவைக்கு மாறிப் பெருந்தொகையான வெள்ளியைச் சந்தைக்கு விட்டன. 1873இன் நாணயச் சட்டம் அமெரிக்காவின் நியம வெள்ளி டொலரைக் கைவிட்டது. வெள்ளியின் விலை வீழவே, சுரங்க முதலாளிகளும் கடன்பட்ட உழவர்களும் அச்சட்டத்தை 1873இன் பெருங்குற்றம் எனப் பழித்தனர். இவர்களது நெருக்குதலின் பயனாக, சனாதிபதி ஹேய்ஸின் மறுப்பையும் மீறி, பிளான்ட்-அலிசன் சட்டம் 1878 பெப்ரவரி 28ஆம் நாள் நிறைவேறியது. மாதந்தோறும் 20 இலட்சம் டொலருக்குக் குறையாமலும் 40 இலட்சம் டொலருக்கு மேற்படாமலும் வெள்ளி வாங்கி அதனை டொலர்களாக அச்சிடுமாறு அது திறைசேரியைப் பணித்தது.

காசுக்கான உருவை வகுத்தவர் இங்கிலாந்திலிருந்து 1876இல் வந்துசேர்ந்த ஜோர்ஜ் ரி. மோர்கன் என்னும் செதுக்குக் கலைஞராவர். முன்புறத்தில் அமைந்த சுதந்திர தேவியின் முகத்துக்கு மாதிரியாக இருந்தவர் பிலடெல்பியாவைச் சேர்ந்த ஆசிரியை அனா வில்லஸ் வில்லியம்ஸ். பின்புறத்தில் இறக்கை விரித்த கழுகு இடம்பெற்றது. பிலடெல்பியா, நியூ ஓர்லியன்ஸ், சான் பிரான்சிஸ்கோ, காசன் சிற்றி ஆகிய நான்கு நாணயச்சாலைகளிலும், 1921இல் டென்வரிலும், மொத்தமாக 65 கோடிக்கு மேற்பட்ட காசுகள் அச்சாயின.

மக்களின் தேவை கருதி அச்சிடப்படாத இக்காசை மக்கள் பெரிதும் விரும்பவுமில்லை. பாரமான இதனைக் கைக்கொள்வதிலும் இதற்கீடாக வெளியிடப்பட்ட வெள்ளிச் சான்றிதழ்த் தாள்களைக் கைக்கொள்வதே அவர்க்கு எளிதாயிற்று. மேற்கு மாநிலங்களில் ஓரளவு புழக்கம் இருந்ததெனினும், பெருந்தொகையான டொலர்கள் ஆயிரம் ஆயிரமாகத் துணிப்பைகளிற் கட்டப்பட்டுத் திறைசேரியின் நிலவறைகளிற் குவிந்தன. பிற காசுகள் மனிதர் கைகளில் வாழ்ந்து தேய்ந்தன; இவையோ பைகளிற் கிடந்தன. ஒன்றோடொன்று மோதிக் கன்னத்திலும் வெற்றுப் பரப்பிலும் வடுப்பட்டன. துணியோடு ஒட்டியிருந்தவை நிறம் மாறின. பையின் நடுவிற் கிடந்தவை பல வெண்மை மாறாதிருந்தன. பின்னாளிற் சேகரிப்போர் வழக்கிட்ட பொலிவு, நிறம், வடு ஆகிய மூன்றும் இவ்வாறு ஒரு நாட்டின் வெள்ளிக் கொள்கை விளைத்த பயன்களேயாம்.

உருகியவையும் எஞ்சியவையும்

முதலாம் உலகப் போரின் இறுதிக் கட்டத்தில் இந்திய அரசாங்கம் கடுமையான வெள்ளித் தட்டுப்பாட்டுக்குட்பட்டது. காகித நாணயத்தை வெள்ளி ரூபாவாக மாற்றித் தருமாறு மக்கள் நெருக்கினர். மாற்றுவதற்கான வெள்ளியோ கையிருப்பில் அருகிவந்தது. இந்நிலையிற் பிரித்தானியாவுக்கு உதவும்பொருட்டு, 35 கோடி வரையான வெள்ளி டொலர்களை உருக்குவதற்கு அனுமதியளித்த பிட்மன் சட்டம் 1918 ஏப்ரலில் அமெரிக்கக் காங்கிரசில் நிறைவேறியது. உருக்கப்பட்டவை 270,232,722. அவற்றுள் 259,121,554 டொலர்களின் வெள்ளி இந்தியாவின் தேவைக்கென விற்கப்பட்டது. 1872 முதல் ரூபாவைக் கணக்கு நாணயமாகக் கொண்டிருந்த இலங்கையிலும் இந்திய வெள்ளி ரூபா செலாவணியில் இருந்தமையால், நமது முன்னோர் கைகளிற் புழங்கிய ஐந்தாம் ஜோர்ஜ் மன்னரின் ரூபாக்கள் சிலவற்றில் இந்த டொலர்களின் வெள்ளி கலந்திருத்தல் கூடும்.

நாணய ஆய்வுக்கு இந்நிகழ்ச்சி பெருஞ்சிக்கலொன்றை விட்டுச்சென்றது. எந்த ஆண்டில் எந்தச் சாலையில் அச்சான காசுகள் எத்தனை உருகின என்பதற்குக் கணக்கு வைக்கப்படவில்லை. ஆகவே அச்சான தொகையைக் கொண்டு எஞ்சிய தொகையை மதிப்பிடல் இயலாததாயிற்று. 1903இல் நியூ ஓர்லியன்சில் அச்சான டொலர் இதற்குத் தக்க சான்றாகும். புழக்கத்துக்கு வராத நிலையில் அது காண்டற்கரியதெனக் கருதப்பட்டு, ஆயிரம் டொலருக்கு மேல் மதிப்பிடப்பட்டிருந்தது. 1962இன் இறுதியில் திறைசேரியின் நிலவறையொன்றிலிருந்து பைகள் வெளிவந்தபோது அதே காசுகள் ஆயிரக்கணக்கில் தோன்றின. விலை திடீரென வீழ்ந்தது. மக்கள் வெள்ளிச் சான்றிதழ்களைக் கையிற்கொண்டு திறைசேரியின் வாயிலில் வரிசையாக நின்றனர். 1964 மார்ச்சில் டொலர் வழங்கல் நிறுத்தப்பட்டபொழுது எஞ்சியிருந்தவை ஏறத்தாழ 30 இலட்சம். பெரும்பாலும் காசன் சிற்றியில் அச்சான அக்காசுகளை அரசாங்கம் 1972 முதல் 1974 வரையும், பின்னர் 1980இலும் அஞ்சல் வழியாகப் பொதுமக்களுக்கு விற்றது.

தனியார் திரட்டுகளும் வெளிவந்தன. நெவாடாவின் றீனோ நகரில் வாழ்ந்து 1974இல் மறைந்த லவேர் றெட்பீல்ட் என்பவரின் வீட்டிலிருந்து 4 இலட்சத்துக்கு மேற்பட்ட வெள்ளி டொலர்கள் கண்டெடுக்கப்பட்டு, 1976 ஜனவரியில் 73 இலட்சம் டொலருக்கு ஏலம் போயின. இவ்வாறு புழங்காத காசுகள் பெருந்தொகையாகச் சந்தைக்கு வந்தமையால் தேய்ந்ததா, தேயாததா என்ற பழைய வேறுபாடு போதாததாயிற்று. தேயாதவற்றுள்ளேயே சிறந்தது எது, தாழ்ந்தது எது என வகுக்கவேண்டிய நிலை எழுந்தது.

தரநிர்ணயம் எண்ணாகிய கதை

முற்காலச் சேகரிப்போரும் வணிகரும் நன்று, மிக நன்று, செம்மையானது, புழங்காதது என்பன போன்ற சொற்களாற் காசின் நிலையைக் குறித்தனர். ஒருவரின் நன்று மற்றவரின் மிக நன்றாதல் இயல்பே. இக்குறையை நீக்க முன்வந்தவர்களுள் முதன்மையானவர் வில்லியம் ஷெல்டன். உளவியலாளராகிய இவர், தொடக்ககால அமெரிக்கப் பெருஞ்செப்புச் சதங்களைப் பற்றி 1949இல் வெளியிட்ட நூலில், 1 முதல் 70 வரையான அளவுகோலொன்றை வகுத்தார்.

இவ்வளவுகோலின் பிறப்பை நாம் உற்றுநோக்கவேண்டும். காசின் தேய்வை அளக்கும் பௌதிக அளவையாக அது தோன்றவில்லை. இன்ன வகைதான் என அடையாளம் காணக்கூடிய அளவுக்கு மட்டும் எஞ்சிய காசின் விலையை ஒன்றாகக் கொண்டால், குறையற்ற காசின் விலை அதன் எழுபது மடங்காகும் என்பதே அதன் கருத்து. அதாவது, எண் என்பது விலைப்பெருக்கி. ஷெல்டன் கருதிய விலை விகிதம் சில ஆண்டுகளிற் பொருந்தாது போயிற்று, எண்ணோ நிலைத்தது. அமெரிக்க நாணயவியற் கழகம் 1977இல் வெளியிட்ட தரநிர்ணய நூல் அவ்வளவுகோலை எல்லா அமெரிக்கக் காசுகளுக்கும் விரித்தது. புழங்காத காசுகள் எம். எஸ். என்ற எழுத்துக்களுடன் 60, 65, 70 என முதலில் வகுக்கப்பட்டன. பின்னர் இடைப்பட்ட எண்களும் புகுந்தன. 1986இல் தோன்றிய வணிக நிறுவனமொன்று 60 முதல் 70 வரையான பதினொரு படிகளையும் கைக்கொண்டு, தரமிட்ட காசை நெகிழிப் பெட்டியில் முத்திரையிட்டு வழங்கலாயிற்று. அடுத்த ஆண்டில் இதே வகையான பிறிதொரு நிறுவனமும் எழுந்தது. காசைக் கண்ணாற் காணாமலே எண்ணை மட்டும் நம்பி வாங்குதலும் விற்றலும் இதனாற் சாத்தியமாயின.

மோர்கன் டொலரைத் தரமிடுவோர் முதலில் நோக்கும் இடங்கள் இரண்டு. முன்புறத்தில் தேவியின் காதுக்கு மேலுள்ள கூந்தல். பின்புறத்திற் கழுகின் மார்பு. காசின் உயர்ந்த பகுதிகள் இவையாதலால் தேய்வு இங்கேயே தொடங்கும். ஆனால் அச்சின் அழுத்தம் குறைந்தவிடத்து உலோகம் முற்றாக நிரம்பாது போவதும் இங்கேதான். நியூ ஓர்லியன்ஸ் டொலர்கள் பலவற்றில் இவ்விடங்கள் தட்டையாக உள்ளன. புழங்காத காசைத் தேய்ந்ததெனத் தவறாக ஒதுக்குதற்கு இது காரணமாகும். இவ்விரண்டையும் வேறுபடுத்த உதவுவது பொலிவே. தட்டையான கூந்தலின் மீதும் பொலிவு முறியாது தொடருமாயின் அது மெலிந்த அச்சடிப்பு. அவ்விடத்திற் பொலிவு அற்றுச் சாம்பல் நிறம் தோன்றுமாயின் அது தேய்வு.

இதன் பின்னரே வடுக்கள் எண்ணப்படும். மோர்கன் டொலரிற் கன்னம் விரிந்து வெறுமையாக இருத்தலால் அங்குள்ள சிறு வடுவும் கண்ணை உறுத்தும். கூந்தலின் நெளிவுகளுக்கிடையே அதே அளவான வடு மறைந்துவிடும். ஆகவே வடுவின் தொகையோடு அதன் இடமும் கணக்கிற்கொள்ளப்படுகின்றது. அச்சடிப்பின் செம்மை, பொலிவு ஆகியவற்றோடு கண்ணைக் கவரும் தன்மை என ஒன்றும் சேர்க்கப்படும். முன்னவை ஓரளவு புறநிலையான சான்றுகள்; இறுதியிற் கூறியதோ நோக்குவோரின் சுவை. எண்ணின் உறுதிக்குள்ளே சுவை புகும் வாயில் இதுவேயாகும்.

பொலிவு என்பது யாது?

வெள்ளி வில்லை அச்சுகளுக்கிடையே பேரழுத்தத்துக்குட்படும்போது உலோகம் நடுவிலிருந்து விளிம்பை நோக்கிப் பாய்கின்றது. பல்லாயிரம் காசுகளை அடித்த அச்சின் முகத்தில் இப்பாய்ச்சல் நுண்ணிய ஆரைக்கோடுகளை உண்டாக்க, அக்கோடுகள் காசிலும் பதிகின்றன. ஒளி அவற்றிற் பட்டுத் தெறிக்கும்பொழுது, நடுவிலிருந்து எதிரெதிராக விரியும் இரு ஒளிப்பட்டைகள் தோன்றும். காசைச் சாய்த்துத் திருப்பினால் அவை வண்டிச்சக்கரத்தின் ஆரக்கால்கள் போலச் சுழலும். சேகரிப்போர் பொலிவு என்று கூறுவது இதனையே. புதிதாக மெருகிட்ட அச்சில் இக்கோடுகள் இன்னும் தோன்றியிராமையால், அதன் முதற் காசுகளிற் கண்ணாடி போன்ற பரப்பு அமையும். 1879 தொடக்கம் 1882 வரையான சான் பிரான்சிஸ்கோ டொலர்கள் செம்மையான அச்சடிப்புக்கும் நிறைந்த பொலிவுக்கும் பெயர்பெற்றவை.

எனவே, பொலிவை வெள்ளியின் இயற்கை மினுக்கமாகக் கொள்ளுதல் தவறாகும். துலக்கிய வெள்ளிப் பாத்திரமும் மினுங்குகின்றது. ஆனால் அதில் இச்சுழலும் ஒளி இல்லை. பொலிவு என்பது அச்சு காசைத் தொட்ட கணத்தின் பதிவு. உராய்வினாலோ அமிலத்தினாலோ அது ஒருமுறை அழிந்ததாயின் மீளப் பெறுதல் இயலாது.

நிறம் என்பது யாது?

வெள்ளி காற்றிலுள்ள ஒட்சிசனால் எளிதிற் பாதிக்கப்படுவதன்று. அதன் பகை கந்தகம். காற்றிற் சிறிதளவாகக் கலந்துள்ள ஐதரசன் சல்பைட்டும், துணி, தாள், அட்டை ஆகியவற்றிலுள்ள கந்தகச் சேர்வைகளும் வெள்ளியோடு தாக்கமுற்று வெள்ளிச் சல்பைட்டுப் படலத்தை உண்டாக்குகின்றன. மிக மெல்லியதாக உள்ளபோது அப்படலத்தின் மேற்புறத்திலும் கீழ்ப்புறத்திலும் தெறிக்கும் ஒளியலைகள் ஒன்றோடொன்று தலையிட்டுச் சில நிறங்களை வலுப்படுத்திச் சிலவற்றை நீக்குகின்றன. மழைநீரின் மேற் படிந்த எண்ணெயில் நாம் காணும் வானவில்லும் இதே நியதியினாலேயே தோன்றுகின்றது. படலம் தடிக்கத் தடிக்க முதலிற் பொன்மஞ்சளும், பின் செம்மையும் ஊதாவும், அதன்பின் நீலமும் ஒழுங்காகத் தொடரும். மிகத் தடித்தவிடத்து நிறமெல்லாம் ஒடுங்கிக் கருமையே எஞ்சும்.

இந்நிறம் வேண்டியவாறு படிவதன்று. காசு கிடந்த இடத்தின் கதையை அது கூறுகின்றது. பையின் துணியோடு ஒட்டியிருந்த காசில் நெசவின் இழைகளும் நிறமாகப் பதிந்திருத்தலுண்டு. ஒரு காசின் ஒரு பகுதியை மற்றொரு காசு மறைத்திருந்தால் மறைந்த பகுதி வெண்மையாகவும் எஞ்சியது பிறைவடிவில் நிறம் பெற்றும் காணப்படும். 1930களில் வேய்ற் றேமண்ட் விற்பனைக்குக் கொணர்ந்த அட்டையேடுகள் போன்றவற்றில் வைக்கப்பட்டிருந்த காசுகளில், அட்டையின் கந்தகம் விளிம்பிலிருந்து உட்புகுந்தமையால், நிறங்கள் வளையங்களாக அமைந்தன. சுருளாகக் கட்டிவைத்த காசுகளில் இரு முனைகளிலும் இருந்தவை ஒருபுறம் மட்டும் நிறம் பெற்றன. நிறத்தைப் பார்த்து, இது பையிற் கிடந்தது, இது ஏட்டிற் கிடந்தது எனப் பழகிய கண்கள் கூறுதல் இதனாலேயே இயல்வதாயிற்று.

விருப்பம் மாறிய வரலாறு

மரப்பேழைகளிற் காசுகளைப் பேணிய பழைய சேகரிப்போர், வெள்ளியில் மெல்ல ஏறும் சாம்பல் நிறத்தை இயல்பானதென ஏற்றுக்கொண்டனர். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அமெரிக்காவில் இந்நிலை மாறியது. புழங்காத என்ற சொல்லுக்கு முன்னே ஒளிமிக்க என்ற அடைமொழி சேர்ந்து, அத்தொடரே உயர்தரத்தின் பெயராயிற்று. 1962 முதல் 1964 வரை திறைசேரிப் பைகளிலிருந்து வெளிவந்த பல இலட்சம் வெண்காசுகள் இவ்விருப்பத்தை வலுப்படுத்தின எனக் கருதலாம். புதிதாக இத்துறையிற் புகுந்தவர்க்கு வெண்மையே புழங்காமைக்குச் சான்றாகவும், நிறமேறியது அழுக்கேறியதாகவும் தோன்றிற்று. வெள்ளிப் பாத்திரம் கறுத்தவிடத்துத் திருநீறிட்டுத் துலக்கிப் பழகிய நமக்கும் இவ்வுணர்வு அயலானதன்று.

இதன் விளைவு, காசுகளைத் திரவத்தில் தோய்க்கும் வழக்கமாகும். அமிலம் சேர்ந்த தயோயூரியாக் கரைசலிற் காசைச் சில விநாடிகள் அமிழ்த்தினாற் சல்பைட்டுப் படலம் கரைந்து வெண்மை வெளிப்படும். ஆனால் அப்படலம் வெளியிலிருந்து வந்து ஒட்டிய தூசியன்று. காசின் வெள்ளியே அவ்வாறு மாறியுள்ளது. படலம் கரையும்போது காசின் மேற்றோலும் உடன் செல்கின்றது. ஒருமுறை தோய்த்தலாற் கண்ணுக்குப் புலப்படும் கேடு நேராதிருக்கலாம். பலமுறை தோய்த்தபின் அச்சுப்பாய்ச்சலின் நுண்கோடுகள் மழுங்கி, சுழலும் ஒளி அவிந்து, உயிரற்ற வெண்மை ஒன்றே எஞ்சும். பொலிவை விரும்பியவர் பொலிவை வெளிப்படுத்தவேண்டி மேற்கொண்ட செயலே பொலிவை அழித்தது. பழைய வெள்ளி டொலர்களுள் எத்துணை இவ்வாறு தம் மேற்பரப்பை இழந்தன என்பதற்குக் கணக்கில்லை.

விலைகளும் இதற்குத் துணைநின்றன. 64, 65 என்ற எண்களுக்கிடையே ஒரு படி வேறுபாடே உள்ளதெனினும், அரிய காசுகளில் விலை பன்மடங்காக உயர்ந்தது. ஆகவே முத்திரையிட்ட பெட்டியை உடைத்துக் காசை மீண்டும் அனுப்பி உயர்ந்த எண் பெற முயல்தல் வணிகரிடையே வழக்கமாயிற்று. அனுப்புமுன் காசைத் தோய்த்தலும் நிகழ்ந்தது. நிலையைக் குறிக்கத் தோன்றிய எண் நிலையையே மாற்றத் தூண்டுவதாயிற்று. தரமிட்ட காசுகளை மறுபடியும் மதிப்பிட்டு ஒட்டுமுத்திரை வழங்கும் நிறுவனமொன்று 2007இல் தோன்ற நேர்ந்தமை, எண்ணின் மீதிருந்த நம்பிக்கை முழுமையாகவில்லை என்பதைக் காட்டும்.

தோய்த்த காசுகள் பெருகியதன் பின்னர் எதிர்த்திசையில் விருப்பம் திரும்பியது. எவரும் தீண்டாத மேற்பரப்பு அரிதாயிற்று; அரிதானதற்கு மதிப்புயர்ந்தது. நிறமேறிய காசு தோய்க்கப்படாததென்பதற்கு அந்நிறமே சாட்சியாகக் கொள்ளப்பட்டது. அண்மைத் தசாப்தங்களிற் செழித்த வானவில் நிறம் படிந்த மோர்கன் டொலர்கள், அதே எண்ணுடைய வெண்காசுகளிலும் பன்மடங்கு விலை பெறுகின்றன. முன்னர் அழுக்கு எனப்பட்டது இப்போது அணியாயிற்று.

ஆயின் இங்கும் முன்னைய கதையே மறுபுறமாக நிகழ்ந்தது. விலைபெறும் நிறத்தைச் செயற்கையாக உண்டாக்குவோர் தோன்றினர். வெப்பத்தாலும் கந்தகச் சேர்வைகளாலும் நாட்கணக்கிலோ மணிக்கணக்கிலோ நிறமேற்றினர். உண்மையானதை வேறுபடுத்த அறிந்தோர் கூறும் அடையாளங்கள் சிலவுள. இயல்பான நிறம் பொன்மஞ்சளிலிருந்து செம்மை, ஊதா, நீலம் என ஒழுங்குபடத் தொடரும். செயற்கை நிறம் இடைப்படிகளைத் தாண்டித் திடீரென மாறும். இயல்பான படலத்தின் ஊடே சுழலும் ஒளி தொடர்ந்து தோன்றும். செயற்கையானது பலவேளை வண்ணம் பூசினாற்போல மேலே மிதக்கும். துலக்கிய கீறல்களின்மீது நிறம் படிந்திருப்பின், துலக்கியபின் ஏறிய நிறமென்பது தெளிவு. எனினும் இயற்கையும் செயற்கையும் ஒரே இரசாயனத்தின் விளைவுகளேயாதலால், எல்லைக்கோட்டில் நிற்கும் காசுகளில் அறிந்தோரும் கருத்து வேறுபடுகின்றனர். தரநிர்ணய நிறுவனங்கள் இத்தகையவற்றை ஐயத்துக்குரிய நிறம் என விலக்கிவைக்கும். சந்தை ஏற்கத்தக்க நிறம் என்ற தொடரும் வழக்கில் உண்டு. இயல்பானது என்பதற்கும் சந்தை ஏற்கத்தக்கது என்பதற்கும் இடையிலுள்ள தூரம் சிறிதன்று.

சான்றாக நோக்குதல்

மேற்கூறியவற்றை ஒருங்கு வைத்து நோக்குமிடத்து, பொலிவும் நிறமும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பது புலனாகும். பொலிவு காசின் பிறப்புக்குச் சான்று. நிறம் அதன் பிற்கால இருப்புக்குச் சான்று. முன்னது அச்சின் நிலையையும் நாணயச்சாலையின் தொழிற்றிறத்தையும் கூறும். பின்னது பையையும் ஏட்டையும் நிலவறையையும் கூறும். எண்ணோ இவ்விரண்டிலிருந்தும் பிரித்தெடுக்கப்பட்ட விலைத் தீர்ப்பு. அது தோன்றியபோதே விலைப்பெருக்கியாகத் தோன்றியது என்பதை முன்னர்க் கண்டோம்.

இங்கு இரு மறுப்புகள் எழலாம். நிறமெனப் போற்றப்படுவது உண்மையில் உலோகத்தின் சிதைவேயன்றோ, அதனை வளரவிடல் தகுமோ என்பது ஒன்று. மறுப்பில் நியாயமுண்டு. கருமை தடித்த படலம் அதன் கீழுள்ள நுண்கோடுகளை உண்டுவிடும். அந்நிலையில் அறிந்தோர் கையால் மேற்கொள்ளப்படும் பராமரிப்பு வேண்டற்பாலதே. ஆயின் சிதைவைத் தடுத்தல் வேறு, சிதைவின் சுவட்டைத் துடைத்தல் வேறு. கந்தகம் அற்ற வறண்ட இடத்திற் காசை வைத்தல் முதலாவதற்குப் போதுமானது.

வெண்மையான பழங்காசு யாவும் தோய்க்கப்பட்டவைதாமோ என்பது மற்றொன்று. அன்று. பையின் நடுவிற் கிடந்த காசுகள் பல நூறாண்டு கடந்தும் வெண்மை மாறாதிருந்தன. ஆகவே வெண்மையைக் கொண்டு குற்றம் சாட்டுதலும் நிறத்தைக் கொண்டு நற்சான்று வழங்குதலும் ஒருங்கே தவறாகும். இயற்கை வெண்மையைத் தோய்த்த வெண்மையினின்று பிரித்தறியக் கருவியாவது மீண்டும் பொலிவேயாம். நுண்கோடுகள் முழுமையாக உள்ளனவா, மழுங்கினவா என்பதையே நோக்கவேண்டும். நிறத்தை ஆராயவும் அதன் கீழுள்ள பொலிவையே நாட வேண்டியிருத்தலை ஏலவே கண்டோம். தோற்றத்தால் முரண்படும் இவ்விரு பண்புகளும் ஆய்வில் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன.

முடிவுரை

உருக்கிய டொலர்களின் ஆண்டும் சாலையும் 1918இல் எழுதிவைக்கப்படாமையால் ஒரு தலைமுறையின் நாணய அறிவு பிழைபட்டது. 1962இல் நிலவறை திறந்தபோதே அப்பிழை வெளிப்பட்டது. தோய்த்த காசுகளிலிருந்து கரைந்துபோன படலங்களுக்கோ திறக்கக்கூடிய நிலவறை எதுவுமில்லை. ஏட்டுச் சான்று அழிந்தவிடத்துப் பிறிதோரேட்டைத் தேடலாம். காசின் மேற்பரப்பு ஒரே படியுள்ள ஏடு. அதனைத் துடைத்தபின் படித்தறிய வேறு படி இல்லை.

சேகரிப்போர் விருப்பம் காலந்தோறும் மாறுவது. ஐம்பது ஆண்டுகளுக்கு முன்னர் வெண்மையை வேண்டியவர் இன்று வானவில்லை வேண்டுகின்றனர். நாளை எதனை வேண்டுவர் என்பது எவர்க்கும் தெரியாது. ஆகையால், எந்நாட்டுக் காசாயினும் கைக்கு வந்தவிடத்து அதன் நிறத்தை மாற்றவும் பொலிவைக் கூட்டவும் முனையாது, எங்கே, எந்நிலையிற் கிடைத்தது என்பதை முதலில் எழுதிவைத்தலே ஆய்வாளர்க்கும் சேகரிப்போர்க்கும் உரிய கடமையாகும். தரத்தைப் பின்னருங் குறிக்கலாம்.